பழைய கைரம்பங்களைச் சீரமைத்தலும் பல் தீட்டுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரவேலைக்குப் பயன்படும், தள்ளும்போது அறுக்கிற பழைய கைரம்பங்களைத் துரு நீக்கி, பல் தீட்டி, மறுபடியும் வேலைக்குக் கொண்டுவருவது பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே உள்ளன. தொடக்கநிலையில் இருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டிருந்தாலும், ஏற்கெனவே அரம் பிடித்துப் பழகியவர்கள் தடுமாறும் சில இடங்களையும் விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

புதிய ரம்பம் எளிதாகக் கிடைக்கும்போது பழையதைச் சீரமைக்க ஏன் மெனக்கெட வேண்டும்?

இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலான கைரம்பங்களின் பல்முனைகள் மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தப்பட்டவை. அவை நெடுநாள் கூர்மையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை மழுங்கிவிட்டால் அரம் அவற்றின்மேல் வழுக்கி ஓடுமே தவிர வெட்டாது. அந்த ரம்பத்தின் ஆயுள் அத்துடன் முடிந்துவிடுகிறது. பழைய ரம்பத்தின் எஃகு அப்படிப்பட்டதன்று. கூர்மையைத் தாங்கும் அளவுக்குக் கடினமாகவும், அரம் வெட்டும் அளவுக்கு இளக்கமாகவும், வளைத்து விட்டால் தானே நிமிரும் அளவுக்குத் துள்ளலாகவும் அது பதப்படுத்தப்பட்டிருக்கும். திரும்பத் திரும்பத் தீட்டப்பட வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. நல்ல பழைய ரம்பங்களின் தகடு பல்வரிசையில் தடிமனாகவும் முதுகுப்பக்கம் மெல்லியதாகவும் இழைக்கப்பட்டிருக்கும். இதனால் அறுத்த தடத்துக்குள் தகடு சிக்குவது குறையும். பற்களை அதிகம் விரிக்க, அதாவது இரு பக்கமும் சாய்த்துவிட, வேண்டிய தேவையும் குறையும். கையில் பொருந்தும் பிடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழைய பிடியையும் இன்றைய பிளாஸ்டிக் பிடியையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்தாலே போதும்.

ஒரு பழைய ரம்பம் கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பல்வரிசையை மேலே வைத்து, பிடியின் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வரிசை நேர்கோடாகத் தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நீண்ட, மெதுவான வளைவு இருந்தால் அதைக் கையாலேயே நிமிர்த்திவிடலாம். ஒரே இடத்தில் சடாரென்று மடிந்த மடிப்பு இருந்தால் அது வேறு கதை. முதல் முறை சீரமைக்கிறவர்கள் அத்தகைய ரம்பத்தைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்து துரு. செம்மண் நிறத்தில் மேலாகப் படிந்த துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், அது போய்விடும். நகத்தால் தடவும்போது குழிகுழியாகத் தட்டுப்படும் துருதான் ஆபத்தானது, அதுவும் பல்வரிசையை ஒட்டி இருந்தால். அந்தக் குழிகளின் வழியே பல்முனை அமைந்தால், எவ்வளவு தீட்டினாலும் முனை உதிர்ந்துகொண்டே இருக்கும். தகட்டின் நடுவிலோ முதுகிலோ குழிகள் இருப்பதால் அறுப்புக்குக் கெடுதல் எதுவும் இல்லை.

மூன்றாவதாகத் தகட்டின் அகலம். பலமுறை தீட்டித் தேய்ந்த ரம்பத்தின் நுனிப்பகுதி ஒடுங்கிப் போயிருக்கும். கடைசியாக, பல்முனைகள் மட்டும் நீலமாகவோ கருமையாகவோ இருந்தால் அது கடினப்படுத்தப்பட்ட பல். அதைத் தீட்ட முயல வேண்டாம். ஐயம் இருந்தால் பிடியோரத்துப் பல் ஒன்றில் பழைய அரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் நல்லது. கண்ணாடிமேல் வழுக்குவது போல் போனால் விட்டுவிடுங்கள்.

ரம்பத்தின் வயதையும் செய்தவரையும் எப்படி அறிவது?

பிடியில் இருக்கும் திருகாணிகளில் ஒன்று மற்றவற்றைவிடப் பெரியதாக, வட்டமான பதக்கம் போல எழுத்துகளுடன் இருக்கும். செய்த நிறுவனத்தின் பெயர் காலந்தோறும் மாறியிருப்பதால் அந்தப் பதக்கத்தின் வாசகமே காலத்தைச் சொல்லிவிடும். எடுத்துக்காட்டாக, ஹென்றி டிஸ்டன் 1840-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ரம்பம் செய்யத் தொடங்கினார். பின்னர் மகன்கள் ஒவ்வொருவராகத் தொழிலில் சேரச் சேர நிறுவனத்தின் பெயர் மாறியது, பதக்கமும் மாறியது. 1955-இல் அந்த நிறுவனம் கைமாறியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலும் ஸ்பியர் அண்ட் ஜாக்சன் உள்ளிட்ட பல பட்டறைகள் சிறந்த ரம்பங்களைச் செய்தன.

“வாரண்டட் சுப்பீரியர்” என்று மட்டும் பதக்கத்தில் இருந்தால் அது செய்தவரின் பெயரன்று; விற்பவர்கள் தங்கள் பெயரைத் தகட்டில் போட்டு விற்பதற்காகப் பொதுவாகப் பயன்படுத்தப்பட்ட வாசகம் அது. அவற்றிலும் அருமையான ரம்பங்கள் உண்டு. அறுப்பதற்காக வாங்குபவர்கள் பெயரைவிடத் தகட்டின் நேர்மையையே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பிடியைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா?

துரு நீக்க வேண்டுமானால் கழற்றுவதே நல்லது, ஏனெனில் பிடிக்குள் மறைந்த பகுதியில்தான் ஈரம் தங்கித் துரு வளரும். திருகாணிகள் பித்தளை, இளக்கமானவை. காடியை முழுதாக நிரப்பும் அகலமான திருப்புளியைப் பயன்படுத்துங்கள். மிகப் பழைய ரம்பங்களில் மரையின் நடுவே திருகாணியின் முனை எட்டிப் பார்க்க, இரு பக்கமும் பிளவு இருக்கும். அதற்குத் திருப்புளியின் வாயை நடுவில் அரத்தால் ராவி, கவைபோலச் செய்துகொண்டால்தான் காடி சிதையாது. எந்தத் துளையிலிருந்து எந்தத் திருகாணி வந்தது என்பதை ஓர் அட்டையில் அதே அமைப்பில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள், அவை ஒன்றுக்கொன்று நீளத்தில் மாறுபடும்.

துருவை எப்படி நீக்குவது? அமிலத்தில் ஊறவைக்கலாமா?

தகட்டைச் சமதளமான பலகையின்மேல் படுக்கவைத்து, சவரத் தகடு பொருத்திய சுரண்டியால் மேல்துருவைச் சுரண்டி எடுப்பது முதல் வேலை. சுரண்டியைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தால் தகட்டில் கீறல் விழாமல் துரு மட்டும் பொடியாக வரும். அதன்பின் நீரிலும் எண்ணெயிலும் நனைத்துத் தேய்க்கத் தகுந்த உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டு, நீளவாக்கில் தேய்க்க வேண்டும். 240-ஆம் எண்ணில் தொடங்கி 400-இல் முடித்தால் போதும். கட்டை இல்லாமல் விரலால் அழுத்தித் தேய்த்தால் தகடு மேடும் பள்ளமுமாகிவிடும். பல்வரிசையை நோக்கித் தேய்க்காமல், அதற்கு இணையாகவே தேயுங்கள்; கையைக் காப்பதற்கும் அதுவே வழி.

சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் துரு விரைவில் இளகும். ஆனால் சில மணி நேரத்துக்குமேல் விட்டால் நல்ல எஃகையும் அது அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். எடுத்தவுடன் கழுவி, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் கண்முன்னே மறுபடி துருவேறும். ரம்பத்துக்கு நான் அமிலத்தைப் பரிந்துரைப்பதில்லை. தகடு மெல்லியது, தேய்ப்பதற்கு ஆகும் நேரமும் குறைவு. மின்சாரத் தேய்ப்புச் சக்கரங்களையும் தவிர்த்துவிடுங்கள். ஓரிடத்தில் சூடு ஏறினால் எஃகின் பதம் கெடும், தகடும் நெளியும்.

கருமையான கறைகள் எஞ்சி நின்றால் விட்டுவிடுங்கள். அவை தகட்டுக்குக் கெடுதல் செய்வதில்லை. தகடு வழுவழுப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பளபளக்கும்வரை தேய்ப்பவர்கள் தகட்டின் தடிமனையும் பழைய எழுத்துகளையும் இழக்கிறார்கள்.

தகட்டில் இருக்கும் பழைய முத்திரையைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். பெரும்பாலும் பதக்கம் இருக்கும் அதே பக்கத்தில், தகட்டின் நடுவில் அது இருக்கும். அந்த இடத்தில் சுரண்டியோ சொரசொரப்பான தாளோ படக்கூடாது. 400-க்கு மேற்பட்ட நுண்ணிய தாளைக் கட்டையில் சுற்றி மெதுவாகத் தேய்த்தால், மேட்டுப் பகுதி வெளுத்து, பள்ளத்தில் இருக்கும் எழுத்து கருமையாகவே நின்று தெரியத் தொடங்கும். தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

வளைந்த தகட்டை நிமிர்த்துவது எப்படி?

மெதுவான வளைவாக இருந்தால், வளைவுக்கு எதிர்ப்பக்கமாகத் தகட்டைக் கையால் வளைத்து விடுங்கள். வில் எஃகு என்பதால் தேவையைவிட வெகு தூரம் வளைத்தால்தான் சிறிதளவு நிமிரும். ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். கூரான மடிப்பு என்றால், புடைத்த பக்கத்தை மேலே வைத்து, கடின மரத்தின் வெட்டுமுகத்தின்மேல் கிடத்தி, முகம் வழுவழுப்பான சிறு சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்க்கலாம். ஒவ்வோர் அடியும் எஃகைச் சற்றே விரிக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அதிகம் தட்டினால் மடிப்பு போய், தகட்டில் கொப்புளம் வந்துவிடும்.

முதுகில் பித்தளைப் பட்டையோ இரும்புப் பட்டையோ உள்ள சிறிய ரம்பங்களில் பல்வரிசை பாம்பு போல நெளிந்திருந்தால், பெரும்பாலும் தகட்டில் குறை இருக்காது. பழைய பட்டைகள் தகட்டை இறுக்கிக் கவ்வியிருப்பவை மட்டுமே, ஒட்டப்பட்டவை அல்ல. ரம்பம் கீழே விழுந்தபோது பட்டை ஒரு முனையில் கீழிறங்கித் தகட்டை நெருக்கியிருக்கும். தகட்டை இரு மரக்கட்டைகளுக்கிடையே வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவியில்) பிடித்து, அந்த முனையில் பட்டையை அடியிலிருந்து மெல்ல மேல்நோக்கித் தட்டினால் நெருக்கம் தளர்ந்து, தகடு தானே நேராகிவிடும்.

நெடுக்கு அறுக்கும் பல்லுக்கும் குறுக்கு அறுக்கும் பல்லுக்கும் என்ன வேறுபாடு?

தீட்டத் தொடங்கும் முன் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே அறுக்கும்போது ஒவ்வொரு பல்லும் சிறிய உளியாக வேலை செய்து, நாரின் முனையைச் செதுக்கி எடுக்கிறது. ஆகவே நெடுக்கு ரம்பத்தின் பல்லைத் தகட்டுக்குச் செங்குத்தாக, நேர்க்குறுக்காக ராவுவார்கள். பல்லின் முன்முகமும் ஏறத்தாழ நிமிர்ந்தே நிற்கும்; செங்குத்திலிருந்து 0 முதல் 8 டிகிரி வரை பின்சாய்வு போதும்.

நாருக்குக் குறுக்காக அறுக்கும்போது உளி போன்ற பல் நாரைப் பிய்த்துவிடும். அதற்குக் கத்தி வேண்டும். எனவே குறுக்கு ரம்பத்தில் அரத்தைச் சாய்த்து ராவி, ஒவ்வொரு பல்லின் வெளி ஓரத்திலும் கூரான முனை வருமாறு செய்கிறார்கள். ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாக நிற்கும் இந்த முனைகள் அறுப்புத் தடத்தின் இரு கரைகளிலும் நாரை முதலில் கீறிவிடுகின்றன. நடுவில் நிற்கும் மரம் பொடியாக உதிர்கிறது. அரத்தின் பக்கச் சாய்வு 15 முதல் 25 டிகிரி, முன்முகத்தின் பின்சாய்வு சுமார் 15 டிகிரி என்பது பொதுவான வழக்கம். மென்மையான மரத்துக்குப் பக்கச் சாய்வு கூடலாம். கடின மரத்துக்குக் குறைவதே நல்லது, இல்லாவிட்டால் முனை சீக்கிரம் மழுங்கும்.

முக்கோண அரத்தின் ஒவ்வொரு மூலையும் 60 டிகிரி என்பதால், முன்முகம் 15 டிகிரி சாய்ந்தால் பின்முகம் தானாகவே 45 டிகிரி சாயும். இரண்டையும் தனித்தனியாக அமைக்க முடியாது. ஒன்றைத் தீர்மானித்தால் மற்றது தானே அமைந்துவிடும்.

பிடியருகே அச்சிட்ட எண் எதைக் குறிக்கிறது?

ஓர் அங்குலத்துக்குள் எத்தனை பல்முனைகள் என்ற கணக்கு அது. இரு ஓரத்து முனைகளையும் சேர்த்து எண்ணுவதால், 8 என்று போட்ட ரம்பத்தில் அங்குலத்துக்கு 7 முழுப் பற்களே இருக்கும். 4½ முதல் 7 வரை பெரும்பாலும் நெடுக்கு ரம்பங்கள், 8 முதல் 12 வரை குறுக்கு ரம்பங்கள். ஆனால் முந்தைய உரிமையாளர் மாற்றித் தீட்டியிருக்கக்கூடும். எண்ணை நம்பாமல் பல்லைப் பாருங்கள்.

எந்த அளவு அரம் வாங்க வேண்டும்?

பல்லின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக அரத்தின் முகம் இருக்க வேண்டும். அப்போதுதான் அரத்தைத் திருப்பி அடுத்த மூலையைப் பயன்படுத்தும்போது, முன்பே தேய்ந்த பகுதி பல்லின்மேல் படாது. மூன்று மூலைகளும் முழுப் பயன் தரும். 5 அல்லது 6 முனை ரம்பத்துக்கு 7 முதல் 8 அங்குல மெல்லிய அரமும், 7 அல்லது 8 முனைக்கு 6 முதல் 7 அங்குலமும், 10 முதல் 12 வரைக்கு 5 முதல் 6 அங்குலத்தில் இன்னும் மெல்லியதும், 14-க்கு மேல் 4 அங்குலத்தில் மிக மெல்லியதும் பொருந்தும். அரத்தின் பருமன் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதால், வாங்கும்போது பல்லிடுக்கில் வைத்துப் பார்ப்பதே சரி.

அரத்துக்குக் கட்டாயம் மரப்பிடி போடுங்கள். தேய்ந்த அரத்தை வைத்துப் போராடாதீர்கள். ரம்பத் தீட்டலில் அரம் ஒரு செலவாகும் பொருள், அதைச் சிக்கனம் பிடிப்பவர்கள் பல்லைத்தான் கெடுக்கிறார்கள்.

ரம்பத்தை எப்படிப் பிடித்து நிறுத்துவது?

ரம்பத்தின் நீளத்துக்கு நேரான இரண்டு மரச்சட்டங்கள், மேல்விளிம்பு வெளிப்புறம் சரிவாகச் சீவப்பட்டவை, மேசை வைஸில் சேர்த்து இறுக்கப்பட்டால் போதும். பல்லிடுக்குகள் சட்டத்துக்குமேல் 3 முதல் 5 மில்லிமீட்டர்தான் தெரிய வேண்டும். அதைவிட உயர்ந்தால் தகடு அதிரும், அரம் கீச்சிடும், அரத்தின் பற்கள் ஒடியும். வேலை செய்யும் உயரம் மார்பளவுக்குச் சற்றுக் கீழே இருந்தால் குனிய வேண்டியதில்லை.

வெளிச்சத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தலைக்குமேல் எரியும் விளக்கு உதவாது. எதிரே தாழ்வாக, பல்வரிசையின்மேல் சாய்ந்து விழும் ஒளி வேண்டும். மழுங்கிய முனை அந்த ஒளியில் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும்; கூரான முனை மின்னாது. பின்வரும் வேலை முழுவதும் அந்தப் புள்ளியைப் பார்த்தே நடக்கிறது.

பற்களைச் சமப்படுத்துவது ஏன் முதல் வேலை?

பத்துப் பற்களில் இரண்டு உயரமாக இருந்தால் அந்த இரண்டுதான் அறுக்கும். மற்ற எட்டும் கூர்மையாக இருந்தும் பயனில்லை. ரம்பம் குதித்துக் குதித்துப் போவதற்கும், தடம் கரடாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஆகவே ராவத் தொடங்கும் முன் எல்லா முனைகளையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

தட்டையான அரம் ஒன்றை, பக்கவாட்டில் சாயாமலிருக்க ஒரு மரக்கட்டையின் காடியில் செருகி, பல்வரிசையின்மேல் பிடியிலிருந்து நுனி வரை நீளவாக்கில் தள்ளுங்கள். ஒவ்வொரு பல்லின் தலையிலும் சிறிதாவது வெள்ளைத் தட்டை தோன்றும்வரை இதைச் செய்ய வேண்டும். ஓரிரு பற்கள் மட்டும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அவற்றுக்காக எல்லாவற்றையும் கீழிறக்க வேண்டாம். அடுத்தடுத்த தீட்டல்களில் அவை சேர்ந்துகொள்ளும். சில நல்ல ரம்பங்களின் பல்வரிசை நடுவில் மிகச் சிறிதளவு வெளிநோக்கி வளைந்திருக்கும். அது தேய்மானமன்று, வேண்டுமென்றே செய்யப்பட்டது, அதை நேராக்கிவிடாதீர்கள்.

அரத்தால் ராவும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதலில் பல்வரிசையில் பேனா மையைப் பூசிவிடுங்கள். அரம் பட்ட இடமும் படாத இடமும் அப்போது தெளிவாகத் தெரியும். அரத்தின் முனையில் ஒரு சிறு மரத்துண்டைச் செருகி, வேண்டிய பின்சாய்வுக் கோணத்தில் அதைத் திருப்பி வைத்து, அதன் மேல்விளிம்பு எப்போதும் கிடைமட்டமாக இருக்குமாறு பார்த்துக்கொண்டால் முன்முகத்தின் சாய்வு முதல் பல்லிலிருந்து கடைசிப் பல் வரை மாறாது. பக்கச் சாய்வுக்கு, பிடிச் சட்டத்தின்மேல் ஒரு காகிதத்தில் சாய்கோடுகள் வரைந்து ஒட்டிக்கொள்ளலாம்.

குறுக்கு ரம்பத்தை, அதன் பிடி உங்கள் வலக்கைப் பக்கம் வருமாறு நிறுத்துங்கள். நுனியிலிருந்து தொடங்கி, உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும் முதல் பல்லைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்புறம் உள்ள இடுக்கில் அரத்தை வையுங்கள். அரத்தின் பிடியை ரம்ப நுனியின் பக்கமாக, அதாவது இடப்புறமாக, 20 டிகிரி அளவுக்கு நகர்த்துங்கள். அரத்தின் முனை அப்போது ரம்பத்தின் பிடியை நோக்கிக் காட்டும். இந்த நிலையில் அரம் ஒரே தள்ளலில் உங்களை நோக்கிய பல்லின் முன்முகத்தையும், அதற்கு இடப்புறம் அப்பால் சாய்ந்த பல்லின் பின்முகத்தையும் வெட்டும்.

தள்ளும்போது மட்டும் வெட்டுங்கள். பின்னுக்கு இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். முழு நீளத்துக்கு, மெதுவாக, சீரான அழுத்தத்துடன் தள்ளுங்கள். நன்றாக வெட்டும் அரத்தின் ஓசை தாழ்ந்து, தொடர்ச்சியாக இருக்கும். ஒவ்வோர் இடுக்குக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ளல்கள் வைத்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக நகருங்கள்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். முதல் பக்கத்தில் நிற்கும்போதே பல்தலையின் வெள்ளைத் தட்டை முழுவதையும் தீர்த்துவிடக் கூடாது. பாதியை மட்டும் எடுக்க வேண்டும். பிறகு ரம்பத்தை முனைமாற்றித் திருப்பி, பிடி இடக்கைப் பக்கம் வருமாறு நிறுத்தி, விட்டுப்போன இடுக்குகளை, இம்முறை அரத்தின் பிடியை வலப்புறமாக நகர்த்தி, மீதிப் பாதி மறையும் வரை ராவ வேண்டும். வெள்ளைப் புள்ளி மறையும் அந்தத் தருணத்தில் கை நிற்க வேண்டும். அதன்பின் ஒரு தள்ளல் கூடினாலும் அந்தப் பல் வரிசையை விட்டுத் தாழ்ந்துவிடும்.

நெடுக்கு ரம்பத்துக்கும் வரிசை இதுவே. அரம் மட்டும் தகட்டுக்கு நேர்க்குறுக்காக நிற்கும். ஒரே பக்கத்திலிருந்து எல்லா இடுக்குகளையும் ராவினாலும் அது அறுக்கும் என்றாலும், பிசிறு ஒரு பக்கமே சேராமலிருக்க இரு பக்கத்திலிருந்தும் ராவுவதை நான் விரும்புகிறேன். முதலில் பழகுவதற்கு நெடுக்கு ரம்பமே ஏற்றது: பல் பெரியது, பக்கச் சாய்வுக் கணக்கு இல்லை.

பெரிய பல்லும் சின்னப் பல்லுமாக மாறி மாறி வந்துவிட்டது. என்ன செய்வது?

ஒரு பக்கத்திலிருந்து ராவும்போது கூடுதலாகவும் மறுபக்கத்திலிருந்து குறைவாகவும் அழுத்தியதன் விளைவு இது. மறுபடி சமப்படுத்துங்கள். பெரிய பல்லின் தலையில் அகலமான தட்டையும் சிறியதன் தலையில் குறுகிய தட்டையும் தெரியும். அதன்பின் இடுக்கில் அரத்தை நடுவே தள்ளாமல், பெரிய பல்லின் பக்கமாகச் சற்று அழுத்திக்கொடுத்துத் தள்ளினால் இடைவெளிகள் படிப்படியாகச் சமமாகும். ஒரே தடவையில் முழுதும் சரியாக வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம்.

பல் விரிப்பது எவ்வளவு? எப்போது?

தகட்டைவிட அறுப்புத் தடம் சற்று அகலமாக இருந்தால்தான் ரம்பம் சிக்காமல் போகும். அதற்காகப் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்ப் பக்கமாகச் சாய்ப்பதே பல் விரித்தல். செட் வைத்தல் என்றும் சொல்வதுண்டு. சமப்படுத்தி, பல்லுக்கு வடிவம் கொடுத்தபின், கடைசிக் கூர்மைத் தீட்டலுக்கு முன் இதைச் செய்வது முறை.

என் பார்வையில் பெரும்பாலோர் தேவையைப் போல இரு மடங்கு விரித்துவிடுகிறார்கள். 0.9 மில்லிமீட்டர் தகட்டில், உலர்ந்த கடின மரத்துக்குப் பக்கத்துக்கு 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் விரிவு தாராளமாகப் போதும். ஈரமான மரத்துக்குத்தான் அதைவிடக் கூடுதலாக வேண்டும். விரிவு மிகுந்தால் தடம் அகலமாகி, உழைப்பு கூடி, ரம்பம் தடத்துக்குள் ஆடத் தொடங்கும். கோட்டைப் பிடித்துப் போகாது.

பல் விரிக்கும் கருவியில் உள்ள எண்கள் முனைக் கணக்கைக் குறிப்பவை என்றாலும், எண்ணுக்கு ஏற்ப வைத்தால் விரிவு அதிகமாகிவிடுவதுண்டு. குறைந்த விரிவில் தொடங்கி அறுத்துப் பாருங்கள். பல்லின் மேல்பாதிக்குக் கீழே வளைக்கவே கூடாது. அடியில் வளைத்தால் பல் ஒடியும். முன்பு வலப்புறம் சாய்ந்திருந்த பல்லை இடப்புறம் திருப்பவும் கூடாது, காரணமும் அதுவே. பழைய ரம்பத்தில் ஏற்கெனவே போதிய விரிவு இருந்தால் அதைத் தொடாமல் தீட்டி மட்டும் பாருங்கள்.

சில பற்கள் ஒடிந்திருந்தால் ரம்பம் வீணா?

தனித்தனியாக இரண்டு மூன்று ஒடிந்திருந்தால் அறுப்பில் வேறுபாடே தெரியாது. அடுத்தடுத்து பல பற்கள் போயிருந்தால், எல்லாப் பற்களையும் ராவி நீக்கிவிட்டுப் புதிய வரிசை வெட்டலாம்: சம இடைவெளியில் கோடிட்ட காகிதத்தைத் தகட்டில் ஒட்டி, அந்தக் கோடுகளில் இரும்பு அறுக்கும் ரம்பத்தால் சிறு வெட்டுகள் போட்டு, முக்கோண அரத்தால் ஆழப்படுத்த வேண்டும். பொறுமை வேண்டும் வேலை. பல்லின் வடிவம் கைவந்தபின் செய்வது நல்லது.

தீட்டிய ரம்பம் கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுக்கிறது. ஏன்?

இழுக்கும் பக்கத்துப் பற்கள் கூடுதலாக விரிந்திருக்கின்றன, அல்லது கூடுதல் கூர்மையாக இருக்கின்றன. ரம்பத்தைப் படுக்கவைத்து, இழுக்கும் பக்கத்துப் பற்களின் ஓரமாக நுண்ணிய எண்ணெய்க்கல்லைத் தட்டையாக வைத்து ஒரே ஒருமுறை மெல்லத் தேய்த்து, மறுபடி அறுத்துப் பாருங்கள். தேவையானால் இன்னொரு முறை. கல்லை அழுத்திவிட்டால் விரிவு முழுதும் தேய்ந்துபோகும்.

ரம்பம் நேராகவே போகிறது, ஆனால் தொடங்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால், முன்முகம் மிகவும் நிமிர்ந்து நிற்கிறது என்று பொருள். நுனியோரத்துச் சில பற்களுக்கு மட்டும் பின்சாய்வைச் சற்றுக் கூட்டினால் மென்மையாகத் தொடங்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தீட்ட வேண்டும்?

நாள் கணக்கு இல்லை. சாய்ந்த ஒளியில் முனைகள் மின்னத் தொடங்கினாலோ, அறுக்கும்போது கை தானாகவே அழுத்தத் தொடங்கினாலோ தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த நிலையிலேயே எடுத்தால் லேசாகச் சமப்படுத்தி, இடுக்குக்கு இரண்டு தள்ளல் கொடுத்தாலே போதும்; விரிவு பல தீட்டல்களுக்குத் தாங்கும். முழுதாக மழுங்கும்வரை விட்டுவைப்பவருக்குத்தான் மணிக்கணக்கில் வேலை.

பிடியை எப்படிப் புதுப்பிப்பது?

பழைய மெருகைச் சுரண்டித் தகட்டால் எடுத்துவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பிடியின் கூரான விளிம்புகளையும் செதுக்கு வேலைகளையும் மழுக்கிவிடாதீர்கள். விரிசல் இருந்தால் மரப்பசையை உள்ளே செலுத்தி இறுக்கிக் கட்டலாம். பிடியில் கொம்பு போல நீண்டிருக்கும் நுனி ஒடிந்திருந்தால், நார் ஓட்டம் பொருந்துகிற அதே வகை மரத்துண்டை ஒட்டி, காய்ந்தபின் வடிவம் செதுக்கலாம். முடிவில் ஆளி விதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, துடைத்து, காயவிட்டு, மீண்டும் பூசுங்கள். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

இழுத்து அறுக்கும் ஜப்பானிய ரம்பங்களுக்கும் இதே முறைதானா?

இல்லை. அவற்றின் பல் உயர்ந்தும் குறுகியும் இருப்பதால் முக்கோண அரம் இடுக்கில் நுழையாது. இறகு போல மெல்லிய தனி அரம் வேண்டும். இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை கடினப்படுத்திய பல்லுடன் தகடு மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தீட்ட முடியாது.

வேலை முடிந்தபின் எப்படி வைப்பது?

மரத்தூளைத் துடைத்து, எண்ணெய் நனைத்த துணியால் தகட்டின் இரு பக்கமும் ஒருமுறை தடவி, பல்வரிசையின்மேல் காடியிட்ட மரச்சட்டம் ஒன்றைச் செருகித் தொங்கவிடுங்கள். மற்ற இரும்புக் கருவிகளோடு பெட்டியில் போட்டால் தீட்டிய பல் அன்றே மழுங்கும். மரத்தில் எண்ணெய்க் கறை படியுமோ என்று அஞ்சுபவர்கள் எண்ணெய்க்குப் பதிலாக மெழுகைத் தேய்க்கலாம். அறுக்கும்போது தகடு வழுக்கிப் போவதற்கும் அது உதவும்.